நூற்றெட்டும் எண்பத்தொன்றும்

கராத்தே காஞ்சிபுரத்தில் பிறந்தது என்பது தமிழ்நாட்டில் இனி விவாதத்திற்கு உரிய விஷயம் அல்ல என்றாகிவிட்டது. பல்லவ இளவரசன் ஒருவன் துறவியாகிக் கடல் கடந்தான், போதிதர்மன் என்ற பெயரில் சீனா போய்ச் சேர்ந்தான், ஷாவ்லின் மடத்தில் சோனிகளாக உட்கார்ந்திருந்த பிக்ஷுக்களுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தான், அது ஒக்கினாவா வழியாக ஜப்பான் போய் கராத்தே ஆயிற்று. 2011ல் ‘7ஆம் அறிவு’ படம் வந்த பிறகு இந்தச் சரித்திரம் பள்ளிக்கூடப் பையன் முதல் பட்டிமன்றப் பேச்சாளர் வரை எல்லோருக்கும் மனப்பாடம். படத்தின் மேல் குற்றமில்லை. கதை அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனகோஷி கிச்சினே 1935ல் வெளியிட்ட தன் பெரிய நூலில் போதிதர்மன் கதையைச் சொல்கிறார். நாம் அதில் காஞ்சிபுரத்தை அழுத்தமாக எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இந்தக் கதையைக் குலைப்பது என் பிரதான காரியம் அல்ல. அதைச் செய்ய வேண்டியவர்கள் சீனாவிலேயே செய்து முடித்துவிட்டார்கள். ஆனால் இந்தக் கதை ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த விஷயம், மரபு மரபு என்று நாம் இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருப்பதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அதனால் கதையை முதலில் நகர்த்திவைக்க வேண்டியிருக்கிறது.

போதிதர்மன் பற்றிய மிகப் பழைய குறிப்பு 547ல் யாங் சுவான்ஜி எழுதிய லுவோயாங் நகரத்து விஹாரங்கள் பற்றிய நூலில் வருகிறது. அதில் அவர் மேற்கு தேசத்திலிருந்து வந்த பாரசீகர். நூற்றைம்பது வயது என்று சொல்லிக்கொள்கிறார், ஒரு ஸ்தூபியின் அழகைப் பார்த்து மலைத்து நிற்கிறார். சண்டை இல்லை. அடுத்து, சீடர் என்று கருதப்படும் டான்லின் எழுதிய முன்னுரை. அதில் அவர் தென்னிந்தியர், ஒரு பெரிய அரசனின் மூன்றாம் மகன். 645ல் தாவ்சுவான் எழுதிய துறவியர் சரித்திரத்தில் அவர் தென்னிந்தியப் பிராமணர். ஊர்ப் பெயர் மாதிரி ஒன்று வருவது 1004ல் தொகுக்கப்பட்ட குரு பரம்பரை நூலில்தான். ‘ஷியாங்ஜி’ என்ற நாட்டு அரசனின் மகன் என்று அது சொல்கிறது. இந்த ஷியாங்ஜிதான் காஞ்சி என்று வாசிக்கிறவர்கள் உண்டு. வாசிக்கலாம். ஆனால் மனிதர் வாழ்ந்ததற்கு ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் கழித்து எழுதப்பட்ட ஒரு சொல்லின் ஒலியில் நம் காஞ்சிபுரம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

சண்டைக்கு இதைவிடப் பலவீனமான ஆதாரம். ஷாவ்லின் துறவிகள் 621ல் தாங் வம்சத்து இளவரசனுக்காகப் போரிட்டதை 728ல் நட்ட கல்வெட்டு சொல்கிறது. அதில் போதிதர்மன் யாருக்கும் சண்டை கற்பித்ததாக இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மடம் கம்பு வீச்சுக்குப் பெயர் பெற்றிருந்தபோது, துறவிகள் தங்கள் கலைக்கு மூலவராகச் சொன்னது ஒரு கின்னரனை. போதிதர்மனை அல்ல. அவரைத் தேகப் பயிற்சியோடு முடிச்சுப்போடுவது ‘தசை மாற்றும் சூத்திரம்’ என்று பொருள்படும் ஒரு புத்தகம். 1624ஐ ஒட்டி உருவானது, முன்னுரைகள் மட்டும் 628 என்றும் 1142 என்றும் தேதி போட்டுக்கொண்டவை. போலி என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சீன அறிஞர் ஒருவரே கண்டு நகைத்திருக்கிறார். பிறகு இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் தொடர்கதையாக வெளிவந்த ‘லாவ் ட்ஸானின் பயணங்கள்’ என்ற நாவல் கதையை ஊரெல்லாம் பரப்பிற்று. 1930ல் டாங் ஹாவ் என்ற சரித்திரக்காரர் எல்லாவற்றையும் எடுத்துப்போட்டு உடைத்தார். ஒரு போலி முன்னுரையும் ஒரு நாவலும் சேர்ந்து ஒரு தேசத்தின் பூர்வ சரித்திரத்தை எழுதிவிட முடியும் என்பது நாவலாசிரியர்களுக்கு உற்சாகம் தரலாம்.

(திருப்பனந்தாளில் இருந்துகொண்டு இதை எழுதுவதால் ஒரு விஷயம் உறுத்துகிறது. வடக்கே போன தமிழர் ஒருவரை நாம் உண்மையிலேயே அறிவோம். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் காசிக்குப் போய் மடம் கட்டினார். அந்தப் பரம்பரையின் காசி மடம்தான் இந்த ஊரின் மையம். போனவர் யார், எங்கே போனார், என்ன எழுதினார் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். ஆனாலும் அவரைச் சிங்கத்தின் மேல் ஏற்றித்தான் பாதுஷாவின் சபைக்கு நாம் அனுப்பிவைத்திருக்கிறோம்.)

இனி கட்டா. எதிராளி இல்லாமல், தனியாக, வகுத்துவைத்த வரிசையில், வகுத்துவைத்த திசைகளில் செய்துமுடிக்கிற அசைவுகளின் தொகுப்பு அது. தாக்குதல், தடுப்பு, திரும்பல், உதை, நிறுத்தம். ஜப்பானியச் சொல்லுக்கு அச்சு, வார்ப்பு என்று பொருள். தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. குத்துவரிசை என்பதில் உள்ள வரிசை, சரளி வரிசை ஜண்டை வரிசையில் உள்ள வரிசை, அதுவேதான். தொடக்கக் கட்டாக்கள் சரளி வரிசை மாதிரி நேர்கோட்டில் போகும், ஒரே அசைவு வலமும் இடமுமாகத் திரும்பத் திரும்ப வரும். மேல்நிலைக் கட்டா அப்படியல்ல. அதில் காலம் மாறும். மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டு நகர்ந்த கை அடுத்த கணத்தில் வெடிக்கும். கற்க வருஷங்கள் ஆகும்.

கராத்தேயின் சரித்திரம் என்று ஏதாவது இருக்குமானால் அது கட்டாக்களின் சரித்திரம்தான். ஒக்கினாவாவின் பழைய ஆசிரியர்கள் அனேகமாக எதையும் எழுதிவைக்கவில்லை. உடம்பிலிருந்து உடம்புக்கு மாற்றினார்கள். எழுத்தில் கிடைப்பது சொற்பம். 1762ல் ரியுக்யு ராஜ்யத்துக் கப்பல் ஒன்று புயலில் சிக்கி ஜப்பானின் டோசா கரையில் ஒதுங்கியது. அதில் இருந்தவர்களை விசாரித்து ஒரு கன்பூஷிய அறிஞர் குறிப்பெழுதினார். சீனாவிலிருந்து வந்த கூசாங்கு என்ற மனிதர் ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு, கால்களைக் கத்தரி போல வீசி, தன்னைவிடப் பெரிய ஆளைச் சாய்த்தார் என்று அதில் வருகிறது. கட்டா பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கூசாங்கு என்ற பெயரில் ஒக்கினாவாவில் ஒரு நீண்ட, கடினமான கட்டா இருக்கிறது. ஃபுனகோஷி வழியில் ஏறக்குறைய அறுபத்தைந்து அசைவுகள். பெயரும் வடிவமும் எங்கே சந்தித்தன என்பதற்குச் சாட்சி கிடையாது. மனிதர் மறைந்து அசைவு நின்றிருக்கிறது.

1879ல் ஜப்பான் ரியுக்யு ராஜ்யத்தை இல்லாமலாக்கி ஒக்கினாவா மாகாணம் ஆக்கிற்று. 1898ல் கட்டாய ராணுவ சேவை வந்தது. இந்தச் சூழ்நிலையில்தான் இட்டோசு அங்கோ என்ற ஷுரி நகரத்து ஆசிரியர் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். 1901ல் ஒரு தொடக்கப்பள்ளி, 1905ல் நடுநிலைப்பள்ளி. குழந்தைகளுக்கென்று பினான் என்ற ஐந்து கட்டாக்களை அமைத்தார். அதில் கூசாங்குவின் துண்டுகள் பல அடையாளம் தெரியும்படி கிடக்கின்றன. 1908 அக்டோபரில் அவர் எழுதிய பத்து அம்சக் கடிதம் இன்றும் கிடைக்கிறது. அதன் முதல் வாக்கியம் என்ன சொல்கிறது தெரியுமா? கராத்தே கன்பூஷியத்திலிருந்தோ பௌத்தத்திலிருந்தோ வந்ததல்ல என்கிறது. கராத்தேயைப் பொதுவுடைமையாக்கிய மனிதர், தன் கலை பற்றி எழுதிய முக்கியமான ஆவணத்தின் முதல் வரியிலேயே, நம் போதிதர்ம பக்தர்களுக்கு நூறு வருஷம் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டார். அந்தக் கடிதத்தில் பௌத்தம் இல்லை, வெலிங்டன் பிரபு இருக்கிறார். நெப்போலியனை ஜெயித்த வெற்றி பள்ளிக்கூட விளையாட்டு மைதானங்களில் கிடைத்தது என்று அவர் சொன்னதாக வழங்கும் வாசகத்தை இட்டோசு எடுத்தாள்கிறார். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். வெலிங்டன் அப்படிச் சொன்னதற்கும் ஆதாரம் இல்லை.

இட்டோசு செய்தது என்ன? மூடிய வீட்டுக் கொல்லைகளில், இரவில், ஒன்றிரண்டு சீடர்களுக்கு மட்டும் கைமாறியதை, நூறு பையன்கள் வரிசையாக நின்று எண்ணிக்கைக்குச் செய்கிற தேகாப்பியாசமாக மாற்றினார். ஃபுனகோஷி தன் சுயசரிதையில் பழைய முறையை விவரிக்கிறார். அஸாட்டோ என்ற ஆசிரியரின் வீட்டுக் கொல்லையில் இரவெல்லாம் ஒரே கட்டா, வாரக்கணக்கில், மாதக்கணக்கில். ஆசிரியர் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பார். திருப்தி என்று அவர் சொல்லாதவரை அடுத்ததற்குப் போக முடியாது. மூன்று நைஹாஞ்சி கட்டாக்களுக்கு மட்டும் தனக்குப் பத்து வருஷம் ஆயிற்று என்கிறார். அந்த இரவுக்கும் பள்ளிக்கூட மைதானத்துப் பகலுக்கும் இடையில் ஒன்று விழுந்துபோயிற்று. அசைவு வந்துவிட்டது, அசைவு எதற்கு என்பது வரவில்லை. குழந்தைகளிடம் விரல்களால் கண்ணைக் குத்தும் முறையையோ கையை முறிக்கும் முறையையோ யாரும் கற்பிக்க மாட்டார்கள். ஆகவே அசைவு இருந்தது, அர்த்தம் மௌனமாயிற்று. ஒரு அசைவு தேகத்துக்கா, பிரயோகத்துக்கா என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு பழக வேண்டும் என்று அதே கடிதத்தில் இட்டோசு எழுதுகிறார். தீர்மானிப்பதற்கு வேண்டிய அறிவை மட்டும் பாடத்திட்டத்தில் வைக்கவில்லை.

இதன் உச்சத்தைப் பார்க்கப் பெயர் மாற்றங்களைப் பார்க்க வேண்டும். ‘கரா’ என்ற ஒலிக்கு ஜப்பானிய எழுத்தில் இரண்டு குறிகள். ஒன்று தாங், அதாவது சீனம். மற்றொன்று சூன்யம். அதுவரை பெரும்பாலும் சீனக் கை என்றே எழுதிவந்தார்கள். 1933ல் கராத்தே ஜப்பானிய வீரக் கலைகளின் மத்திய சபையில் அங்கீகாரம் பெற்றது. சீனாவோடு யுத்தம் நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1936 அக்டோபர் 25 அன்று நாஹா நகரத்தில் ஒரு பத்திரிகை கூட்டிய கூட்டத்தில் முக்கியமான ஆசிரியர்கள் உட்கார்ந்து இனி வெறுங்கை என்றே எழுதுவது என்று ஒப்புக்கொண்டார்கள். ஒலி மாறவில்லை, ஒரு நாடு அழிந்துவிட்டது. சிலேடை சரித்திரத்தை மாற்றிய சந்தர்ப்பம் உலகத்தில் இன்னொன்று உண்டா, தெரியவில்லை. ஃபுனகோஷி அந்தச் சூன்யத்துக்குப் பௌத்தத் தத்துவார்த்தம் கொடுத்தார், கட்டாக்களின் சீன வாடை வீசும் பெயர்களையும் மாற்றினார். கூசாங்கு ‘கான்கு’ ஆயிற்று. நைஹாஞ்சி ‘டெக்கி’ ஆயிற்று. சீனாவை அழித்த இடம் காலியாக இருந்தது. அதில் முதலில் ஜென் வந்து உட்கார்ந்தது, பிறகு நாம் ஒரு தமிழனைக் கொண்டுவந்து உட்காரவைத்தோம்.

கான்கு என்றால் வானத்தைப் பார்த்தல். பெயர்க் காரணம் முதல் அசைவில் இருக்கிறது. நேராக நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் தொடை முன்னால் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மெதுவாகத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். கட்டைவிரல்களும் சுட்டுவிரல்களும் சேர்ந்து ஒரு முக்கோணம் விழும், அதன் வழியாக வானம் தெரியும். பிறகு கைகள் சட்டென்று பிரிந்து இரண்டு பக்கமும் பெரிய வட்டமாக இறங்கி, மறுபடியும் அடிவயிற்றுக்கு முன்னால் சந்திக்கும். கட்டா முழுவதிலும் அழகான அசைவு இதுதான். இதற்குச் சண்டையில் என்ன அர்த்தம் என்பதில் இரண்டு ஆசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. கழுத்தைப் பிடிக்கிற கைகளைப் பிரித்தல் என்பார் ஒருவர். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தவன் கண்ணை மறைத்துக்கொள்வது என்பார் மற்றொருவர், ஏனென்றால் கூசாங்கு இரவுச் சண்டைக்கானது என்று ஒரு வியாக்யானம் உண்டு. வெறுங்கை என்று காட்டுகிற வணக்கம் என்பார் மூன்றாமவர். ஃபுனகோஷி தன் வாசிப்பையே பெயராக வைத்துவிட்டார். தலைப்பில்லாத கவிதைக்குப் பதிப்பாசிரியர் தலைப்புக் கொடுத்த கதை. இனி அதை வானமில்லாமல் வாசிக்க முடியாது.

இந்தக் கட்டாவை நாலு வருஷமாக மாலை வேளைகளில் பழகிவருகிறேன் என்பதால் சிலது சொல்லலாம். முதல் வருஷம் வரிசையை ஞாபகத்தில் வைப்பதிலேயே போய்விடுகிறது. அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற கவலைதான் மனசில். ஆசிரியர் விளக்கம் சொல்வதில்லை. பின்னங்காலின் குதி தரையை விட்டு எழும்பினால் பிரம்பால் அதைத் தொடுவார், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் வரிசை மறந்துபோகிறது. மறந்துபோகிறது என்றால், மனசில் இல்லை, உடம்பு தானாகச் செய்துவிடுகிறது. தேறிவிட்டான் என்று எல்லோரும் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் கட்டா செத்துப்போவதும் இந்தக் கட்டத்தில்தான். உடம்பு கெட்டிக்காரத்தனமானது. கடினமான இடங்களை மழுக்கிக்கொள்ளும், மூச்சு முட்டும் இடத்தில் அரைக் கணம் திருடிக்கொள்ளும், ஒரு திருப்பத்துக்கும் அடுத்த குத்துக்கும் இடையே உள்ள மௌனத்தை விழுங்கிவிடும். தேவாரத்தைத் தூக்கத்தில் பாடக்கூடிய ஓதுவார்களை இந்தப் பக்கத்துக் கோயில்களில் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். பண் பிசகாது, எழுத்துப் பிசகாது. பாடல் மட்டும் அங்கே இருக்காது.

அங்கிருந்து மீள ஒரே வழி எதிராளியை நினைத்துக்கொள்வது என்கிறார்கள். இதைத்தான் ‘பங்காய்’ என்பது. அசைவைப் பிரித்து, இது எதற்கு என்று கேட்பது. உதாரணமாக, ஒரு கை குத்தும்போது மறுகை இடுப்புக்கு இழுக்கப்படுகிறது. குத்துக்கு வேகம் கிடைக்க என்று மைதானத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தக் கை வெறுமனே திரும்பி வரவில்லை, எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது என்று வாசித்துப் பாருங்கள். அதே அசைவு முழுக்க வேறொன்றாகிறது. தூரத்துச் சண்டை கைகலப்பாகிறது. தடுப்பு என்று பெயரிட்டது முறிப்பாகிறது. வடிவத்தில் ஒரு அங்குலம் மாறவில்லை. பிரதியை மாற்றாமல் வாசிப்பு மாத்திரம் மாறுவது என்று நாம் விமர்சனத்தில் வாய் வலிக்கப் பேசுவதை இங்கே தோள்மூட்டில் உணரலாம். ஆனால் இதில் ஒரு தமாஷும் உண்டு. பங்காய்க்காரர்களில் பாதிப்பேர் எதையும் எதாகவும் வாசிக்கிறார்கள். ஒரு வணக்கத்தில் ஏழு மரண அடிகளைக் கண்டுபிடித்துக் காட்டுவார்கள். நம் உரையாசிரியர் சிலரின் ஞாபகம் வரும்.

கட்டா மாறாதது என்ற நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கூசாங்குவில் ஒக்கினாவாக்காரர்கள் முன்னால் உதைக்கிற இடத்தில் ஃபுனகோஷி வழிக்காரர்கள் பக்கவாட்டில் உதைக்கிறார்கள். டோக்கியோ மாணவர்களின் காலத்தில் நிலைகள் தாழ்ந்தன, கால்கள் அகன்றன, உதைகள் உயர்ந்தன. மாற்றியவர்கள் மாற்றுகிறோம் என்று அறிவிக்கவில்லை. பாதுகாக்கிறோம் என்றே சொன்னார்கள். பொய் சொல்லவில்லை என்றும் படுகிறது. மாறாமல் வைத்திருக்கிறோம் என்று நம்பிக்கொண்டே மாற்றுவதுதான் மரபின் சுபாவம். புரட்சி என்று சொல்லிக்கொண்டு பழையதையே எழுதுகிறவர்களுக்கு இது நேர் எதிர்.

நாஹா நகரத்தில் வேறொரு பரம்பரை. ஹிகாவோன்னா கான்ரியோ சீனாவின் ஃபூஜோவுக்குப் போய்க் கற்று வந்தார். அவருடைய சீடர் மியாகி சோஜுன். இந்த வழியின் கடைசிக் கட்டா, மிக நீளமானது, சூப்பாரின்பெய். பெயர் ஃபூஜோ பேச்சுவழக்கில் நூற்றெட்டு. அதே குடும்பத்தில் சான்ஸேரு என்ற கட்டா உண்டு, முப்பத்தாறு. வேறொரு வழியில் கோஜூஷிஹோ, ஐம்பத்துநாலு. எண்கள் எதை எண்ணுகின்றன? அசைவுகளை எப்படிக் கூட்டினாலும் ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு சேர்வதில்லை. பௌத்தத்தின் நூற்றெட்டு க்லேசங்கள் என்கிறவர்கள் உண்டு. சீன நாவலின் நூற்றெட்டு வீரர்கள் என்கிறவர்கள் உண்டு. சூப்பாரின்பெய் மூன்று அடிகளோடு தொடங்கும், ஒவ்வொன்றும் தரையைக் காலால் பிறை போல அறுத்துக்கொண்டு. பிறகு ஒரே அசைவு நாலு திசைக்கும் திரும்பத் திரும்ப. பார்க்கிறவனுக்கு முதலில் அலுப்பாக இருக்கும். நாலாவது திசையில்தான், ஒவ்வொரு தடவையும் செய்கிறவன் வேறு யாரையோ எதிர்கொள்கிறான் என்பது தெரியவரும், நல்ல ஆட்டக்காரனாக இருந்தால்.

நூற்றெட்டு என்றதும் தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு வேறொன்று ஞாபகம் வரும். நாட்டிய சாஸ்திரத்தின் நாலாம் அத்தியாயம் நூற்றெட்டுக் கரணங்களைச் சொல்கிறது. 1010ல் ராஜராஜன் முடித்த பெரிய கோயிலில், கர்ப்பக்கிருகத்தின் மேல்தளச் சுற்றில், சிவனே ஆடுவதாக அவற்றைச் செதுக்கத் தொடங்கினார்கள். எண்பத்தொன்று முடிந்தது. மிச்சம் இருபத்தேழு கற்கள் சதுரமாக வெட்டி, இடம் ஒதுக்கி, வெறுமையாக நிற்கின்றன. சிதம்பரத்துக் கோபுர வாசல்களில் பிற்பாடு நூற்றெட்டும் வந்தன, சில இடத்தில் சுலோகங்களோடு. கும்பகோணம் சாரங்கபாணி கோயில் கோபுரத்திலும் கரணச் சிற்பங்கள் உண்டு. கரணங்கள் நாட்டியத்துக்கு மட்டுமல்ல, யுத்தத்துக்கும் மல்லுக்கும் நடைக்கும் உரியவை என்று அதே அத்தியாயம் சொல்கிறது. (இதைப் படித்தவுடன், பார்த்தாயா, கரணத்திலிருந்துதான் கராத்தே என்று ஒருவர் கிளம்புவார். பெயர் ஒலியையும் சேர்த்துக்கொள்வார். தயவுசெய்து உட்காரட்டும்.)

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுக்கொன்று தலைகீழ். இங்கே இலக்கணம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, கல்லில் உருவம் இருக்கிறது. ஒரு உருவத்திலிருந்து அடுத்ததற்கு உடம்பு எப்படிப் போயிற்று என்பது அறுந்துபோயிற்று. கரணம் என்பது நிற்கும் நிலை அல்ல, அசைவு என்பதையே ஒருவர் ஆராய்ந்து நிறுவ வேண்டியிருந்தது. பத்மா சுப்ரமணியம் சாஸ்திரத்தையும் சிற்பத்தையும் வைத்துக்கொண்டு அதைத் தன் உடம்பில் திரும்பக் கட்டினார். அது அவருடைய வாசிப்பு, பெரிய வாசிப்பு, அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஒக்கினாவாவில் அசைவு அறுபடவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் கொல்லையில் செய்துகொண்டிருந்தார். அங்கே இல்லாதது இலக்கணமும் வியாக்யானமும். நம்மிடம் அர்த்தம் இருந்து உடம்பு போயிற்று, அவர்களிடம் உடம்பு இருந்து அர்த்தம் போயிற்று.

இரண்டில் எது மேலான நஷ்டம் என்று கேட்டால், யோசிக்காமல் நம்முடையது என்பேன். அர்த்தத்தை மறுபடியும் உண்டாக்கிக்கொள்ளலாம், பங்காய்க்காரர்கள் அளவுக்கு மீறியே உண்டாக்கிக்கொள்கிறார்கள். நடந்துபோன உடம்பை உண்டாக்குவது அத்தனை சுலபம் அல்ல. இந்த இடத்தில்தான் போதிதர்மன் கதை தொந்தரவு செய்கிறது. அது உடம்பைக் கேட்பதில்லை. ஒரு வம்சாவளியை மட்டும் கையில் கொடுத்து, எல்லாம் உன்னுடையதுதான் போ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பழகாதவனும் வாரிசு ஆகிவிடலாம். சிலம்பத்திலும் குத்துவரிசையிலும் இன்றைக்கும் வரிசை தெரிந்த ஆசான்கள் இந்த ஜில்லாவில் இருக்கிறார்கள். மார்கழி தை மாதங்களிலோ கோயில் திருவிழாவிலோ ஆடிக் காட்டச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர்கள் காலடி வைக்கும் முறையை உட்கார்ந்து கவனித்த காஞ்சிபுரம் பேசுகிறவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

கராத்தே ஒரே ஒருமுறை ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. டோக்கியோவில், 2021ல். கட்டாவுக்குத் தனிப் போட்டி. நுட்பத்துக்கு ஒரு மதிப்பெண், தேகத்திறனுக்கு ஒரு மதிப்பெண். ஆண்களில் வென்றவர் ஒக்கினாவாவைச் சேர்ந்த கியுனா ரியோ. நான் பார்த்தது திரையில்தான். அந்த மனிதர் நிற்கும்போது அரங்கமே அவர் எதிரே நிற்கிறது போல இருந்தது. ஆனால் அந்த மேடையில் கட்டா இன்னொரு பொருளாகிவிட்டதையும் மறுக்க முடியாது. திரும்பும்போது உடுப்பு படீரென்று சத்தம் போட வேண்டும், கண் பிதுங்க வேண்டும். அஸாட்டோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எதைப் பார்த்தாரோ அதற்கு மதிப்பெண் போட முடியாது.

மியாகி சோஜுன் சூப்பாரின்பெய்யை எல்லோருக்கும் கற்பித்தவர் அல்ல. மூன்று வருஷம், சில சமயம் அதற்கு மேலும், சான்சின் என்ற ஒரே அடிப்படைக் கட்டா. பிறகு அவரவர் உடம்புக்குத் தகுந்ததாக ஒன்றோ இரண்டோ. தன் வாரிசு என்று எல்லோரும் கருதிய ஷின்ஸாட்டோ ஜின்ஆன் 1945ல் ஒக்கினாவா யுத்தத்தில் மாண்டார். தீவின் ஜனங்களில் நாலில் ஒரு பங்கு அந்த மூன்று மாதத்தில் செத்ததாக மதிப்பிடுகிறார்கள். மியாகி தன் குழந்தைகளில் மூவரை இழந்தார். யுத்தம் முடிந்து நாஹாவில் தன் வீட்டுத் தோட்டத்தில் மறுபடியும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கூரை இல்லை, தரை மண். 1953ல் இறந்துபோனார். நூற்றெட்டை முழுசாக யாருக்குக் கொடுத்தார் என்பதில் சீடர்களுக்குள் வழக்கு இருக்கிறது. ஒவ்வொருவர் பள்ளியிலும் சூப்பாரின்பெய் ஆடுகிறார்கள். சில இடங்களில் திரும்பும் திசை வேறு, சில இடங்களில் கை திறந்திருக்கிறது, சில இடங்களில் மூடியிருக்கிறது.